பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்வது

முதல் தடவை உதறல் வந்தபோது என் மகளின் கையில் ஒரு சாவிக்கொத்தைத் திணித்தார்கள். எதிர்வீட்டு அக்கா தன் இடுப்பில் செருகியிருந்ததை உருவிக்கொண்டு ஓடிவந்தார். பீரோ சாவி, கேட் சாவி, ஸ்கூட்டி சாவி எல்லாம் சேர்ந்த கனமான கொத்து. மகளின் விரல்கள் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டன. அவள் கண் விழித்தபோது பீரோ சாவியின் பல் உள்ளங்கையில் அச்சாகப் பதிந்திருந்தது.

அப்போது அவளுக்கு 13 வயது. எட்டாம் வகுப்பு தொடங்கி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. பெரம்பூரில் எங்கள் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். கையும் காலும் உதறின. தலை இடமும் வலமுமாக ஆடியது. கண்களை இறுக்கி மூடியிருந்தாள். நான் கத்திய சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. யாரோ தண்ணீர் தெளித்தார்கள். யாரோ வெங்காயத்தை நசுக்கி மூக்கருகே கொண்டுவந்தார்கள். "காக்கா வலிப்புதான், எங்க சித்தப்பா பையனுக்கும் இப்படித்தான் வரும்" என்றார் ஒருவர்.

கண்கள் மூடியிருந்தன என்பதை இன்று நினைத்துப் பார்த்து எழுதுகிறேன். அன்று அது எனக்கு ஒரு விஷயமாகவே படவில்லை. பத்து மாதம் கழித்து ஒரு டாக்டர் முதல் கேள்வியாக அதைத்தான் கேட்டார்.

இன்றைக்கும் ஏதோ ஒரு ஆஸ்பத்திரி வராந்தாவில், "எல்லா ரிப்போர்ட்டும் நார்மல்" என்ற கோப்பை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் பிள்ளை துடிப்பதைப் பார்த்துக்கொண்டு ஒரு அம்மா உட்கார்ந்திருப்பார். அவருக்காக இதை எழுதுகிறேன். அந்த அப்பாவுக்காகவும்.

அந்தப் பத்து மாதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சி.டி. ஸ்கேன், எம்.ஆர்.ஐ., மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி. எல்லாமே நார்மல். அரை மணி நேர இ.இ.ஜி. நார்மலாக வந்ததை வைத்து மட்டும் வலிப்பு நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. உண்மையான வலிப்பு நோய் உள்ளவர்களுக்கும் வலிப்பு வராத நேரத்தில் எடுத்தால் அப்படி வரலாம். அதனால் முதலில் மாத்திரை கொடுத்த டாக்டர்மேல் எனக்குக் கோபம் இல்லை. வால்ப்ரோயேட் கொடுத்தார்கள். உடம்பு ஊதியது. சீப்பில் முடி கொத்தாக வந்தது. பிறகு லெவெடிரசெட்டம் சேர்த்தார்கள். சாந்தமான பெண் தட்டை வீசி எறிந்தாள். வாரம் ஒன்று வந்தது ஒருநாளைக்கு மூன்று, நான்கு என்றானது. ஒவ்வொரு தடவை போகும்போதும் அளவு கூடியது, அல்லது இன்னொரு மாத்திரை சேர்ந்தது.

இரண்டு இரவுகளை மட்டும் சுருக்க முடியவில்லை.

ஒன்று, அவசரப் பிரிவில் 25 நிமிடம் நிற்காமல் உதறிய இரவு. வலிப்பை நிறுத்தும் ஊசியை ஒன்றுக்குமேல் ஒன்றாகப் போட்டார்கள். உதறல் நின்றது, கூடவே மூச்சும் மந்தமானது. ஐ.சி.யு.வில் ஆக்சிஜன் வைத்து விடியவிடியப் பார்த்துக்கொண்டார்கள். அவளுக்கு வந்தது வலிப்பு நோயின் உதறல் இல்லை என்பதும், அந்த இரவின் உண்மையான ஆபத்து ஊசிதான் என்பதும் பின்னால்தான் தெரிந்தது.

இன்னொன்று, வேறொரு இடம். பணியில் இருந்த இளம் மருத்துவர் அவள் நெஞ்செலும்பில் விரல் முட்டியால் அழுத்தித் தேய்த்தார். வலியில் அவள் கண்ணைத் திறந்தாள். "ஆக்டிங்மா இது. ஸ்கூலுக்குப் போகப் பிடிக்கலை. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் ரெண்டு போடுங்க, தானா நிக்கும்" என்றார். அவளுக்குக் கேட்கும்படியே சொன்னார். அன்று இரவு வீட்டில் மறுபடி வந்தது. மூன்று நாள் தூங்காத என் கணவர், "போதும், நடிக்காதே!" என்று கத்திவிட்டார். அடிக்கவில்லை. ஆனால் அந்தச் சொல் போதுமானதாக இருந்தது. அதன்பிறகு வெகுநாள் அவள் அப்பா இருக்கும் அறைக்கு வருவதைத் தவிர்த்தாள்.

சரி, அந்தப் பத்தாவது மாதத்துக்கு வருகிறேன்.

எங்களைப் பார்த்த மூன்றாவது நரம்பியல் டாக்டர், ஸ்கேனைப் பார்க்கும் முன்னால் என் போனைக் கேட்டார். அவளுக்கு வரும்போது நான் எடுத்து வைத்திருந்த வீடியோ ஒன்று இருந்தது. "கண்ணு எப்பவும் மூடியேதான் இருக்குமா? நின்னு நின்னு மறுபடி ஆரம்பிக்குமா? முடிஞ்சதும் அழுவாளா?" என்று கேட்டுக்கொண்டே இருமுறை பார்த்தார். வலிப்பு நோயில் பெரும்பாலும் கண் திறந்திருக்கும், ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாக அடங்கும், உதறல் ஒரே சீராகத் தொடங்கி மெல்ல இடைவெளி விட்டு முடியும். அவளுடையது வேறு மாதிரி இருந்தது. ஆனால் இந்த அடையாளங்களில் எதையும் தனியாக வைத்து முடிவு செய்யக் கூடாது என்று அவரே சொன்னார். வீடியோ இ.இ.ஜி. எடுக்க எழுதிக் கொடுத்தார்.

தலைக்கு எண்ணெய் வைக்காமல், ஷாம்பூ போட்டு அலசிக்கொண்டு வரச் சொன்னார்கள். தலை முழுக்கக் கம்பிகளைப் பசையால் ஒட்டினார்கள். கட்டிலுக்கு எதிரே கேமரா. என் கையில் ஒரு பட்டன். அவளுக்கு வந்தால் நான் அதை அழுத்த வேண்டும், பதிவில் அந்த இடம் குறிக்கப்படும். பத்து மாதமாக "இன்னிக்கு வரக் கூடாது சாமி" என்று வேண்டிய நான், அந்த இரண்டு நாளும் "வந்துடணும்" என்று வேண்டினேன். வராமலே போயிருந்தால் எல்லாம் வீண். இரண்டாம் நாள் மத்தியானம் சாப்பாட்டுத் தட்டு வந்த நேரத்தில் வந்தது. அன்று மாலைக்குள் இன்னும் இரண்டு.

ஒரு சின்ன விஷயம். இந்த இ.இ.ஜி.யை மனிதர்களிடம் முதன்முதலாக, 1924ல், பதிவு செய்த ஹான்ஸ் பெர்கர் ஜெர்மனியைச் சேர்ந்த ஒரு மனநல மருத்துவர். இதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டபோது எனக்கு ஏனோ ஆறுதலாக இருந்தது. நரம்பு டாக்டர் வேறு, மனசு டாக்டர் வேறு என்று எங்களை இங்கும் அங்கும் அலைய விட்டபோதெல்லாம் அந்தப் பெயரை நினைத்துக்கொள்வேன்.

டாக்டர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லவில்லை. அவளையும் உட்காரவைத்து, திரையைத் திருப்பி அவளுக்கே காட்டினார். வலிப்பு நோய் என்றால் மூளையின் நரம்பணுக்கள் கூட்டமாக, கட்டுப்பாடு இல்லாமல் மின்சாரத்தை வெளியிடும், அந்தக் கோடுகள் வெறிபிடித்த மாதிரி எழும் என்றார். அவள் உதறிக்கொண்டிருந்த நேரத்தில், தசை ஆடுவதால் வந்த இரைச்சலை விலக்கிப் பார்த்தால், விழித்திருக்கும் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டால் வரும் சாதாரண அலைதான் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அவளைப் பார்த்து நான்கு விஷயம் சொன்னார். "உனக்கு வர்றது நிஜம். நீ நடிக்கலை. இது வலிப்பு நோய் இல்லை. இது சரியாகக் கூடியது."

அவள் இரண்டாவது வாக்கியத்திலேயே அழத் தொடங்கிவிட்டாள். அவள் அப்பா எழுந்து ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார்.

கோப்பில் பி.என்.இ.எஸ். என்று எழுதினார்கள். வலிப்பு நோயால் அல்லாமல், மனம் சார்ந்து வரும் உதறல் என்று அர்த்தம். ஃபங்ஷனல் சீஷர், டிஸோசியேட்டிவ் சீஷர் என்றும் சொல்கிறார்கள். நூறு ஆண்டுக்கு முன்னால் என்றால் ஹிஸ்டீரியா என்றிருப்பார்கள். கருப்பைக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். பெண்களின் கருப்பையில்தான் கோளாறு என்று நம்பிய காலத்தின் மிச்சம். பையன்களுக்கும் ஆண்களுக்கும் இது வருகிறது. அந்தப் பழைய பெயர் விட்டுப்போன அவமானம் மட்டும் பெண் பிள்ளைகள்மேல் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நடிப்பு இல்லை என்றால் பின்னே என்ன? என் மாமியார் இதைத்தான் கேட்டார். அவருக்கு நான் சொன்ன விளக்கம் இதுதான்: பரீட்சை அன்று காலையில் வயிற்றைக் கலக்குகிறது. மேடை ஏறினால் கால் நடுங்குகிறது. கல்யாண வீட்டில் நாதஸ்வரம் உச்சத்துக்குப் போனால் மயிர்க்கூச்செறிகிறது. இதில் எதையும் நாம் வேண்டுமென்று செய்வதில்லை, நிறுத்து என்றால் நிற்பதும் இல்லை. யாரும் அதை நடிப்பு என்று சொல்வதும் இல்லை. இவள் உடம்பு அதே வழியில் இன்னும் கொஞ்சம் அதிக தூரம் போகிறது. உள்ளே பயமோ பதற்றமோ வலியோ ஒரு அளவைத் தாண்டும்போது மூளை இவளைக் கொஞ்ச நேரம் வெளியே நிறுத்திவிட்டு உடம்பைத் தன் போக்கில் விடுகிறது. சில தடவை அப்படி நடந்துவிட்டால் மூளைக்கு அது பழகிய பாதையாகிவிடுகிறது, சின்னக் காரணத்துக்கும், காரணமே இல்லாமலும்கூட அந்தப் பாதையில் இறங்கிவிடுகிறது. மாமியார் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ பழக்கினதைப் பழக்கியே மாத்தணும்" என்றார். பின்னாளில் சிகிச்சையில் எங்களுக்குச் சொன்னதும் அதுவேதான்.

மனநலப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்ததும் சொந்தக்காரர்கள் பக்கம் பெரிய சங்கடம். சென்னையில் "கீழ்ப்பாக்கம்" என்ற ஊர்ப்பெயரையே நாம் திட்டாகப் பழக்கி வைத்திருக்கிறோம். 1794ல் தொடங்கி இத்தனை தலைமுறைக்கு வைத்தியம் பார்த்திருக்கும் ஒரு மனநல ஆஸ்பத்திரியின் ஊர் அது. "பொம்பளப் புள்ள, வெளிய சொல்லாதே, நாளைக்கு ஒரு இடம் பார்க்கணும்" என்று என் சொந்த அக்காவே சொன்னார். 13 வயதுப் பெண்ணைப் பார்த்து. நான் வெளியே சொன்னேன். சொல்லாமல் இருந்திருந்தால் இந்தச் சென்னையில் இதே வழியில் நடந்த இன்னும் இரண்டு அம்மாக்களை எனக்குத் தெரிந்தே இருக்காது.

காரணம் தேடும் வேட்டையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அதில் நான் நிறைய நாளை வீணாக்கினேன், அவளையும் நோகடித்தேன். "சொல்லு, ஸ்கூல்ல யாராவது ஏதாவது பண்ணாங்களா? அப்பா திட்டினதா? தாத்தா போனதா?" சாப்பிடும்போது, தலை பின்னும்போது, தூங்கப்போகும்போது என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். ஏதோ ஒரு ரகசியம் இருக்கிறது, அதைப் பிடுங்கி எடுத்துவிட்டால் எல்லாம் நின்றுவிடும் என்று நினைத்தேன். உளவியல் நிபுணர்தான் என்னை நிறுத்தினார். சில பிள்ளைகளுக்குக் குறிப்பான காரணம் இருக்கும்: கேலி, அடி, வீட்டுச் சண்டை, இழப்பு, தவறான தொடுதல், யாரும் கண்டுபிடிக்காத படிப்புக் கஷ்டம். அதனால் அவளை மட்டும் தனியாக உட்காரவைத்து அவர் கட்டாயம் பேசுவார், நாங்கள் வெளியே இருக்க வேண்டும். அது அவர் வேலை. சிலருக்கு அப்படி ஒன்று அகப்படாது. 2013ல் வந்த அமெரிக்க மனநல வகைப்பாட்டு நூலே, மனக்காயம் ஒன்றைக் காட்டினால்தான் இந்த நோய் என்று சொல்ல முடியும் என்ற பழைய நிபந்தனையை எடுத்துவிட்டது. காரணம் கிடைக்காததால் பிள்ளை எதையோ மறைக்கிறாள் என்று ஆகாது.

என் மகளுக்கு ஒரே ஒரு காரணம் என்று இன்றுவரை எதுவும் இல்லை. அவள் தாத்தா அதற்கு முந்தைய ஆண்டு போனார். கணக்கில் முதல் மதிப்பெண் எடுத்துக்கொண்டிருந்தவள் தடுமாறத் தொடங்கியிருந்தாள், அதை யாரிடமும் சொல்லவில்லை. இரவு தூக்கம் குறைந்திருந்தது. எல்லோரும் "தங்கமான புள்ள" என்று சொல்லும் பிள்ளை அவள். எதற்கும் முகம் சுளிக்க மாட்டாள். அவள் முகம் சுளிக்காததை நான் பெருமையாக நினைத்திருந்தேன்.

வீட்டில் என்ன செய்தோம் என்பதற்கு வருகிறேன். இதில் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது என் மாமியார். அவரைப் பிள்ளைகள் ஆயா என்று கூப்பிடுவார்கள்.

டாக்டர் எங்களிடம் சொன்னது கேட்க எளிமையாகத்தான் இருந்தது. அவளுக்கு வரும்போது கீழே விழுந்து அடிபடாமல் பாருங்கள். பக்கத்தில் இருக்கும் கூர்மையான சாமானை நகர்த்துங்கள், தலைக்கு அடியில் எதையாவது மெத்தென்று வையுங்கள். கையைக் காலைப் பிடித்து அமுக்காதீர்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். அவளுக்குப் பெரும்பாலும் காது கேட்கும். ஒரே ஒரு தடவை, சாதாரணக் குரலில், "அம்மா பக்கத்துல இருக்கேன், ஒண்ணும் ஆகாது, கொஞ்ச நேரத்துல அடங்கிடும்" என்று சொல்லுங்கள். பிறகு பேசாதீர்கள். கூட்டம் வேண்டாம், அழுகை வேண்டாம், வீடியோ இனி வேண்டாம். அடங்கியதும் என்ன வேலை நடந்துகொண்டிருந்ததோ அதையே தொடருங்கள்.

என்னால் முடியவில்லை. வாய் அமைதியாக இருந்தாலும் கை நடுங்கியது. அவள் பேரை முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன். அவள் கண் திறந்ததும் முதலில் பார்ப்பது என் வெளிறிய முகத்தை. ஏதோ பயங்கரம் நடந்துவிட்டது என்று அந்த முகம் அவளுக்குச் சொன்னது. அடுத்தது வரும் வரை அவள் அந்த முகத்தோடு வாழ்ந்தாள். வந்துவிடுமோ என்ற பயத்திலேயே வந்தது. என் அன்பில் குறை இருந்ததாக நான் நினைக்கவில்லை. ஆனால் என் பதற்றம் அந்தச் சக்கரத்தை இன்னொரு சுற்று தள்ளிவிட்டது, அது உண்மை.

ஒருநாள் சாயங்காலம் நான் கடைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து கதவைத் திறந்தால், கூடத்தில் அவள் தரையில் உதறிக்கொண்டு கிடக்கிறாள். ஆயா பக்கத்தில் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார். மடியில் முறம். காம்பு ஒரு பக்கம், இலை ஒரு பக்கம். பாதி மடித்த பழைய புடவை அவள் தலைக்கு அடியில் இருந்தது. என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார். நான் வாசலிலேயே நின்றேன். வழக்கமாகக் கால் மணி நேரத்துக்குக் குறையாது. அன்று ஆறு நிமிடத்தில் அடங்கியது. அவள் கண் திறந்து, கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துவிட்டு, ஆயா பக்கம் திரும்பினாள். "எழுந்துட்டியா? இந்தா, இந்தக் கொத்தை ஆய்" என்று ஆயா ஒரு கொத்துக் கீரையை அவள் பக்கம் தள்ளினார். அவள் எழுந்து உட்கார்ந்து ஆய்ந்தாள்.

அந்த ஆயாதான் பெரியபாளையத்தம்மனுக்கு வேண்டுதல் வைத்தவர். அவளுக்காகத் தானே வேப்பிலை ஆடை கட்டிக் கோயிலைச் சுற்றி வருவதாக நேர்ந்துகொண்டவர். டாக்டரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "தாராளமா போயிட்டு வாங்க. குழந்தையை மந்திரிச்சு அடிக்கிற இடத்துக்கு மட்டும் கூட்டிட்டுப் போகாதீங்க, மாத்திரை விஷயத்தை என்கிட்ட விடுங்க" என்றார். போய்விட்டு வந்தோம். ஆயாவின் மனம் அதில் அடங்கியது, அடங்கிய மனத்தோடு அவர் கீரை ஆய்ந்தார். நான் இதை இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

ஆயா கீரை ஆய்ந்த அந்த நாளிலிருந்து எனக்கும் ஒரு கைவேலை வைத்துக்கொண்டேன். துணி மடிப்பேன், பூண்டு உரிப்பேன். கை வேலையில் இருந்தால் முகம் தானாக இளகுகிறது. வந்த நேரமும் முடிந்த நேரமும் மட்டும் ஒரு காலண்டரில் குறிப்பேன், அதுவும் அவள் பார்க்காதபோது.

இன்னொரு பிள்ளை இருக்கும் வீட்டில் அந்தப் பிள்ளையை மறந்துவிடாதீர்கள். சின்னவனுக்கு அப்போது 8 வயது. அக்காவுக்கு வந்தால் "வந்துடுச்சு, வந்துடுச்சு" என்று கத்திக்கொண்டு ஓடி வருவதுதான் அவன் வேலை என்று ஆகியிருந்தது. இரவில் எழுந்து அக்கா மூச்சு விடுகிறாளா என்று பார்த்திருக்கிறான், எங்களுக்குத் தெரியாது. பத்து மாதமாக அவன் ஹோம்வொர்க்கில் யார் கையெழுத்துப் போட்டார்கள் என்று பார்த்தால், ஆயாவின் கோணல் கையெழுத்து. அவனுக்கும் உட்கார்ந்து விளக்கினோம். உன்னால் இது வரவில்லை, நீ காவல் காக்க வேண்டாம், வந்தால் பெரியவர்களிடம் மெதுவாகச் சொல்லிவிட்டு விளையாடப் போ என்றோம். ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம் அவன் அப்பா அவனோடு மட்டும் இருப்பார் என்று வைத்துக்கொண்டோம்.

சிகிச்சை என்பது வாரம் ஒருமுறை, முதலில் பன்னிரண்டு வாரம். அறிவாற்றல் நடத்தை சிகிச்சை என்று பெயர், எல்லோரும் சி.பி.டி. என்கிறார்கள். வருவதற்கு முன்னால் உடம்பு என்ன சொல்கிறது என்று கவனிக்க முதலில் கற்றுக்கொடுத்தார்கள். அவளுக்குக் காதில் ரீங்காரம், பிறகு விரல்நுனியில் ஊசி குத்துவது போல, பிறகு பார்வை தூரமாகப் போவது போல. எல்லாம் சேர்த்து அரை நிமிடம். அந்த அரை நிமிடத்தில் உடம்பு போக நினைக்கும் திசைக்கு எதிராக ஒன்றைச் செய்ய வேண்டும். மூச்சு வேகமாகிறதா, வெளிமூச்சை நீளமாக விட வேண்டும். கை உதறப் பார்க்கிறதா, தொடைமேல் உள்ளங்கையை அழுத்தி வைத்து மெதுவாகத் தளர்த்த வேண்டும். பார்வை நழுவுகிறதா, சுற்றி இருப்பதைப் பேர் சொல்ல வேண்டும்: ஃபேன், காலண்டர், செருப்பு, ஆயாவின் மூக்குக்கண்ணாடி. முதல் மாதம் எதுவும் பலிக்கவில்லை. அவள் அழுதாள். இரண்டாவது மாதத்தில் ஒருநாள் தொடங்கியது பாதியில் நின்றது. அவள் அடுப்படிக்கு ஓடிவந்து, "அம்மா, நிறுத்திட்டேன்" என்றாள். நான் தோசையைத் திருப்ப மறந்து கருக விட்டேன்.

மாத்திரைகளை டாக்டர் மூன்று மாதத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். இதைப் படித்துவிட்டு யாரும் தாங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். வலிப்பு நோயும் இதுவும் இரண்டும் சேர்ந்தே இருக்கும் பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கு மாத்திரை திடீரென்று நின்றால் உயிருக்கே ஆபத்து. இது வலிப்பு நோய் இல்லை என்று வீடியோ இ.இ.ஜி. பார்த்து ஒரு நரம்பியல் மருத்துவர் சொல்லும் வரை, வலிப்பு என்றே நினைத்து நடந்துகொள்ளுங்கள். ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், நேரம் பாருங்கள், ஐந்து நிமிடம் தாண்டினால் 108ஐக் கூப்பிடுங்கள். உறுதியான பிறகும், வழக்கத்துக்கு மாறாக ஏதாவது வந்தால், உதடு நீலமானால், பலமாக அடிபட்டால் காட்டியே ஆக வேண்டும்.

அவளுக்கு என்ன என்று தெரிந்த பின்னும் முதல் இரண்டு வாரம் வருவது கூடியது. யாரும் எங்களை எச்சரித்திருக்கவில்லை, பயந்துபோனோம். பிறகு குறைந்தது. குறைந்ததும் நேர்கோடாகக் குறையவில்லை. பரீட்சை, காய்ச்சல், வீட்டில் விருந்தாளி என்றால் ஏறும், பிறகு இறங்கும். பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்கு, அதிலும் சீக்கிரம் கண்டுபிடித்துவிட்டால், நன்றாகச் சரியாக வாய்ப்பு அதிகம் என்று சொல்லியிருந்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டுதான் அந்த ஏற்ற இறக்கத்தைக் கடந்தோம்.

பள்ளி தனிக்கதை. "முழுசா சரியான பிறகு அனுப்புங்க, வேணும்னா டி.சி. வாங்கிக்கோங்க" என்றார்கள். டாக்டர் அதற்கு நேர்மாறாகச் சொன்னார். வீட்டில் இருக்க இருக்கப் பள்ளி என்பது மலையாக வளரும், அரை நாளாவது போகட்டும் என்றார். ஒன்பதாம் வகுப்பு தொடங்கியபோது நானும் கணவரும் ஒரு பக்கக் கடிதத்தோடு போனோம். டாக்டர் கையெழுத்திட்டது. அதில் இருந்தது இவ்வளவுதான்:

"இந்த மாணவிக்கு வருவது வலிப்பு நோய் அல்ல. அவர் வேண்டுமென்று செய்வதும் அல்ல. வரும்போது தரையில் பாதுகாப்பாகப் படுக்கவைத்து ஒரு ஆசிரியர் மட்டும் பக்கத்தில் அமைதியாக இருந்தால் போதும். ஆம்புலன்ஸ் கூப்பிடவோ வீட்டுக்கு அனுப்பவோ தேவையில்லை. அடங்கியதும் பதினைந்து நிமிடம் ஓய்வு, பிறகு வகுப்புக்குத் திரும்பலாம். தொடங்கப்போகிறது என்று அவர் சொன்னால் ஐந்து நிமிடம் வெளியே சென்று வர அனுமதியுங்கள். அடிபட்டாலோ, வழக்கத்தைவிட வேறு மாதிரி இருந்தாலோ பெற்றோருக்குச் சொல்லுங்கள்."

நிர்வாகம் தயங்கியது. கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டவர் தமிழ் ஆசிரியைதான். "என் பீரியட்ல வந்தா நான் பார்த்துக்கறேன்மா. போர்டுல எழுதிட்டே இருப்பேன், அவ்வளவுதானே?" என்றார். நான் கீரைக் கதையை அவரிடம் சொல்லியிருக்கவில்லை. அவராகவே சொன்னார். அந்த வார்த்தையைக் கேட்டு நான் பள்ளி வராந்தாவிலேயே அழுதேன்.

வகுப்பில் முதல் தடவை வந்தபோது பிள்ளைகள் பயந்தார்கள். மூன்றாவது தடவை அவள் தோழி ஒருத்தி நோட்ஸை இரண்டு பிரதியாக எழுதி வைத்திருந்தாள். தண்ணீர்த் தொட்டி, மொட்டை மாடி, சாலையைத் தனியாகக் கடப்பது ஆகியவற்றில் மட்டும் கொஞ்ச காலம் கவனமாக இருந்தோம். மற்றபடி விளையாட்டு வகுப்பை நாங்கள் தடுக்கவில்லை. வீட்டுப் பாடத்துக்கும், தம்பியோடு போடும் சண்டைக்கும் விலக்கு கொடுக்கவில்லை. நோயாளியாக நடத்தப்படுவது அவளுக்கே பிடிக்கவில்லை.

என் கணவரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அந்த இரவில் கத்தியதற்கு அவர் ஒருநாள் அவளிடம் மன்னிப்புக் கேட்டார். சிகிச்சை அறையில், எங்கள் எல்லோர் முன்னாலும். "அப்பாவுக்குத் தெரியலை கண்ணு. தெரியாம சொல்லிட்டேன். நீ சொன்னதை நான் நம்பியிருக்கணும்" என்றார். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அன்று வீட்டுக்கு வரும்போது ஸ்கூட்டரில் அவர் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். பல மாதமாக என்னோடு ஆட்டோவில்தான் வந்துகொண்டிருந்தாள்.

எங்கே போவது, யாரைக் கேட்பது என்று தெரியாதவர்களுக்கு: எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் நரம்பியல் பிரிவு இருக்கிறது. மனநல உதவிக்கு அரசின் டெலிமானஸ் எண் 14416, 24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. பிள்ளையை யாரோ துன்புறுத்துகிறார்கள் என்று சந்தேகம் வந்தால் 1098. நடுராத்திரியில் நான் ஒருமுறை 14416க்குப் பேசியிருக்கிறேன். மகளுக்காக இல்லை, எனக்காக.

இப்போது பத்தாம் வகுப்பில் இருக்கிறாள். கடைசியாக வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. போன மாதம் அடையாரில் என் தங்கை வீட்டுக்கு 29சி பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். நல்ல கூட்டம், வெயில், பஸ் ஜெமினி பக்கம் நகராமல் நின்றது. "அம்மா, காதுல சத்தம்" என்றாள். மூச்சை நீளமாக விட்டாள், உள்ளங்கையைத் தொடையில் அழுத்தினாள், எதிரே எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தாள். அப்படியும் வந்துவிட்டது. சீட்டிலேயே சாய்த்துக்கொண்டேன். முன்சீட்டுப் பெண்மணி பதறி எழுந்து, பையில் கையை விட்டுச் சாவியைத் தேடினார்.

"வேண்டாங்க. நாலஞ்சு நிமிஷத்துல சரியாயிடும். கொஞ்சம் ஜன்னலை மட்டும் நல்லாத் திறந்து விடுங்க."

"நிஜமாவாம்மா?"

"ஆமாங்க. பழக்கம்தான்."

அவர் ஜன்னலைத் திறந்துவிட்டுச் சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் பையிலிருந்த பட்டாணியை எடுத்து உரிக்க ஆரம்பித்தேன், தங்கைக்கு வாங்கியது. அடங்கிய பிறகு அவள் என் தோளில் சாய்ந்து கொஞ்ச நேரம் தூங்கிவிட்டாள். நானும் உரிப்பதில் கவனமாக இருந்துவிட்டேன் போலிருக்கிறது. அவள்தான் முதலில் நிமிர்ந்து வெளியே பார்த்தாள்.

"அம்மா, நம்ம ஸ்டாப் தாண்டிடுச்சு."

"அப்படியா?"

"கடைசி ஸ்டாப் பெசன்ட் நகர்தானே? பீச்சுக்குப் போயிட்டு அப்புறம் சித்தி வீட்டுக்குப் போலாம்மா" என்று சொல்லி, என் மடியிலிருந்து ஒரு கைப்பிடி பட்டாணியை எடுத்து அவளும் உரிக்கத் தொடங்கினாள்.